யுங்கர்ஸ் எஃப் 13: கேளுங்க, சொல்றேன்

முழுக்க உலோகத்துல செஞ்ச முதல் பயணிகள் விமானம், ஜெர்மனி, 1919. இன்னிக்கு இது மட்டும்தான். அப்புறம் ஜங்கர்ஸ் இல்ல, யுங்கர்ஸ்.

கார்த்தி: உலகத்தோட முதல் உலோக விமானம் இதானா?

இல்லங்க. இந்தக் கம்பெனியோட முதலாளி ஹியூகோ யுங்கர்ஸ் 1915 டிசம்பர்லயே ஜே 1-னு ஒண்ண எஃகுத் தகடுல செஞ்சு பறக்க விட்டுட்டார், அதுக்கு தகரக் கழுதைன்னு பட்டப்பேரு. எஃப் 13 *பயணிகளுக்கு*. ஒரு எச்சரிக்கை, ஜே 1 வேற, ஜே.ஐ வேற, பின்னது போருக்குன்னு செஞ்ச ரெட்டை இறக்கை விமானம். பாதிப் பேரு ரெண்டையும் போட்டுக் குழப்புறாங்க.

சுபா: உள்ள எப்படி சார் இருக்கும்?

மூடின கேபின், நாலு சீட்டு, ஹீட்டர், சீட் பெல்ட்டும் உண்டு. ஆனா ஓட்டுற ரெண்டு பேருக்கும் தலைக்கு மேல கூரை கிடையாது, காசு குடுத்தவன் சொகுசா இருக்க இவங்க மழையில நனையணும்.

மணி: ஏன் தகர ஷெட் மாதிரி நெளிநெளியா இருக்கு?

இதான் கேள்வி! ஒரு பேப்பரை நீட்டிப் பிடிங்க, தொங்கும். விசிறி மாதிரி மடிச்சுப் பிடிங்க, விறைப்பா நிக்கும். அதேதான். தட்டையா மெல்லிசா இருந்தா தகடு நசுங்கும், தடிமனாக்குனா எடை ஏறும், அதனால டிசைனர் ஓட்டோ ராய்ட்டர் நெளிதகட்டைப் போட்டார். இறக்கை வளையாம உள்ள இருக்குற குழாய்ங்க பாத்துக்கும், முறுக்கிக்காம மேல்தகடு பாத்துக்கும், வெளிய ஒரு கம்பி கூட வேணாம். தகடு டியூராலுமின், அதாவது அலுமினியக் கலவை உலோகம். ஆல்ஃபிரட் வில்ம் 1906-ல கண்டுபிடிச்ச விஷயம், சூடாக்கித் தண்ணில முக்குனதும் இறுகாது, நேத்து வெச்ச மீன்குழம்பு மாதிரி நாள் போகப் போகத்தான் உறுதி சேரும்.

பிரபு: நெளிவு காத்தை இழுக்கும். தப்பான டிசைன்.

நெளிவு முன்னாடியிருந்து பின்னாடி, காத்து போற திசையிலதான் ஓடுது. ஆனா காத்து இறக்கை மேல நேரா போகாம கொஞ்சம் சாய்வா போறதால இழுவை கூடும்தான்.

பிரபு: அப்ப ஒத்துக்கிட்டீங்க 😄

என்னத்த ஒத்துக்கிட்டேன்! அந்தக் காலத்து ரெட்டை இறக்கை விமானத்துல இருந்த கட்டைக்கும் கம்பிக்கும் இழுவையே இல்லையா? மணிக்கு 140 கி.மீ.ல போற வண்டிக்கு இது தாங்கும். மத்த விமானத்தோட மரமும் துணியும் வெயில்லயும் ஈரத்துலயும் ஊறிப் போகும், இது கொலம்பியால மிதவை மாட்டி ஆத்துல இறங்குச்சு, 300க்கு மேல செஞ்சாங்க.

பிரபு: அம்பாசடர் கூட நிறைய செஞ்சாங்க.

தம்பி, ஃபோர்டு கம்பெனியோட மூணு இன்ஜின் விமானம் டிரைமோட்டார் பாத்திருக்கீங்களா? அதே நெளிதகடு. யுங்கர்ஸ் ஐரோப்பால அவங்க மேல கேஸ் போட்டு ஜெயிச்சார். தப்பான டிசைனுக்கா அந்த அடிதடி?

ராஜா: முதல் உலோக விமானம் இதானே?

மேல படிங்க.

ஜெனி: முதல் உலகப் போர் முடிஞ்சு ஜெர்மனிக்குக் கட்டுப்பாடு போட்ட வெர்சாய் ஒப்பந்தத்துல இது மாட்டலையா?

முதல் பறப்பு ஜூன் 25, கையெழுத்து ஜூன் 28. மூணே நாள்! 1921-ல விமானம் செய்யவே தடை வந்துச்சு, அப்புறம் தளர்த்துனாங்க.

வினோத்: விபத்து?

அமெரிக்கத் தபால் துறை 1920-ல இதையே ஜே.எல் 6-ங்கிற பேர்ல வாங்கி ஓட்டுனதுல சிலது பறக்கும்போதே தீப்பிடிச்சு ஆளுங்க செத்தாங்க. பெட்ரோல் குழாய் கசிவுன்னு சந்தேகம். தகடு மேல பழி இல்ல பிரபு, இப்பவே சொல்லிட்டேன்.

செல்வா: போயிங் 737 மேக்ஸ் பத்தி?

இங்க இல்ல.

குமார்: சார், ஜே.ஐ தானே முதல் உலோக விமானம்?

😑

பிரபு: நான் சொல்லட்டுமா சார்?

சொல்லுங்க, நான் டீ குடிச்சிட்டு வரேன்.