வீட்டில் ஒருவருக்கு மனநோய்: உறவுக்காரர்களிடம் மறைப்பதா, சொல்வதா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: தம்பி ராத்திரி தூங்குவதில்லை, யாரோ தன்னைத் திட்டுவது காதில் கேட்கிறது என்கிறான். அம்மா குணசீலம் கோயிலுக்குப் போகலாம் என்கிறார். அக்காவுக்கு வரன் பார்ப்பதால் வெளியே மூச்சு விடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

தம்பிக்கு என்ன என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். எங்கள் சித்தப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்றார்கள்.

அம்மாவோடு சண்டை போடாதீர்கள். குணசீலத்தில் கோயில் சார்பிலேயே மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. ஏர்வாடி தர்காவில் வேண்டுதலோடு மருந்தும் கொடுக்க 'தவா-துவா' என்று அரசுத் திட்டமே உண்டு. அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகத்தின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கிடந்த நோயாளிகள் 28 பேர் ஓட முடியாமல் செத்தார்கள். அம்மா கும்பிடட்டும், ஆனால் மாத்திரை தள்ளிப்போகக் கூடாது. எந்த இடமானாலும் கட்டிவைக்க விடாதீர்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது.

சரி, மறைப்பதா? எங்கள் பாட்டி ரொம்ப நாள் 'நரம்புக்கு மருந்து' என்றே சமாளித்தார். யாரும் நம்பவில்லை என்பது வேறு. மாத்திரை உடம்புக்குப் பழகி (முதலில் கை நடுங்கியது, எந்நேரமும் தூக்கம், டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றினோம்) சித்தப்பா வெளியே வரத் தொடங்கினார். விசேஷ வீடுகளில் பந்தி பரிமாறினார். அதுவரை "உங்க பையன் எப்படி இருக்கான்?" என்று பாட்டியிடம் விசாரித்தவர்கள், "என்னப்பா, சாம்பார் வருதா?" என்று அவரிடமே கேட்டார்கள். விழிப்புணர்வு நோட்டீஸ் எத்தனை ஒட்டினாலும் எங்கள் தெருவில் இது நடந்திருக்காது என்றே நினைக்கிறேன். அப்புறம் ஒருநாள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கொல்லைப்புறமாக வந்து, "அந்த டாக்டர் எந்தக் கிழமை வருவார்?" என்று கேட்டார். பிரசவத்துக்குப் பிறகு அவர் மகள் யாரிடமும் பேசாமல், எதற்கெடுத்தாலும் அழுதுகொண்டிருந்தாளாம். சித்தப்பாவை நாங்கள் மறைத்தே வைத்திருந்தால் அவர் யாரிடம் கேட்டிருப்பார்?

ஊருக்கெல்லாம் அறிவிக்க வேண்டாம். தம்பியிடமும் கேட்டுக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு வரன் இதனால் தட்டிப்போனது உண்மை. பிறகு தெரிந்து தினமும் குத்திக்காட்டுவதற்கு அது மேல்.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-க்கு எந்நேரமும் அழைத்துத் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்று தம்பி சொன்னால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். மற்றபடி, தாலுகா மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் தினமும் வருவதில்லை. கிழமையை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.