‘கேண்டிடேட்’ என்ற சொல்லில் நேர்மை இருக்கிறதா?

கேள்வி: தேர்தலில் நிற்பவரைக் குறிக்கும் ‘கேண்டிடேட்’ என்ற சொல், ‘நேர்மையானவர்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என ஒரு மேடைப் பேச்சில் கேட்டேன். இது சரியா?

பதில்: வேர்ச்சொல் சரி; பொருளில்தான் பிழை. ‘ஒளிர்தல்’ எனப் பொருள்படும் ‘கான்டேரே’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயரடை ‘கான்டிடுஸ்’. லத்தீனில் வெண்மைக்கு ‘அல்புஸ்’ என்ற சொல்லும் உண்டு. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளுக்கு உரை எழுதிய செர்வியுஸ், கான்டிடுஸ் என்பது ஒளி தோய்ந்த வெண்மை என்றும், அல்புஸ் என்பது வெளிறிய நிறத்தை அடுத்தது என்றும் பிரித்துக் காட்டுகிறார். பளீரென்ற வெள்ளைக்கும் வெளுத்துப்போன வெள்ளைக்கும் நாம் காணும் வேறுபாடுதான் அது.

ரோமானியர் உடுத்திய ‘தோகா’ என்னும் மேலாடை கம்பளியால் ஆனது. அதன் இயல்பான நிறம் மங்கல் வெள்ளை. பதவி நாடியவர்கள், கூட்டத்தில் தனித்துத் தெரிவதற்காக, அதன்மேல் சுண்ணப்பொடியைத் தேய்த்துப் பளபளக்கச் செய்துகொண்டு வாக்குக் கேட்கப் புறப்பட்டார்கள். அப்படி வெண்மையூட்டிய ஆடை அணிந்தவரே ‘கான்டிடாட்டுஸ்’. ஆகவே அந்தப் பெயர் சொல்வது அவர் உடுப்பைப் பற்றித்தானே தவிர, உள்ளத்தைப் பற்றியன்று. வாக்குக்காக ஆடையை இவ்வாறு வெளுப்பதைத் தடைசெய்து கி.மு. 432-இல் ஒரு சட்டமே வந்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஆனால் வழக்கம் நின்றுவிடவில்லை. கி.மு. 64-இல் ரோமின் உயர் ஆட்சிப் பதவியான கான்சல் பதவிக்குப் போட்டியிட்ட பேச்சாளர் சிசரோ தம் எதிராளிகளைத் தாக்கி ஆற்றிய உரை, ‘வெண்தோகா அணிந்து’ என்ற பொருள்படும் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது.

மேடைப் பேச்சாளர் சொன்ன பொருளும் ஆதாரமற்றதன்று. கள்ளமற்ற மனத்தைக் குறிக்கவும் ரோமானியர் கான்டிடுஸை உருவகமாக வழங்கினர். ஒளிவுமறைவற்ற பேச்சைக் குறிக்கும் ஆங்கிலக் ‘கேண்டிட்’ அந்தக் கிளையில் வந்தது. ‘கேண்டிடேட்’ வந்ததோ ஆடையின் வழியே.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நாம் நாள்தோறும் சொல்லும் ‘சந்திரன்’ இந்தச் சொல்லின் உறவு. வடமொழிச் ‘சந்த்ர’வுக்கு முதற்பொருள் ‘ஒளிர்வது’; அதுவும் கான்டேரேயும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரில் கிளைத்தவை. வேத மொழியில் இச்சொல்லுக்கு முன்னால் இன்னொரு சகர ஒலியும் இருந்தது. வடமொழியில் ‘ஹரிஶ்சந்த்ர’ என்று ஒலிக்கும் அரிச்சந்திரன் பெயரில் அந்த ஒலி இன்னும் தங்கியிருக்கிறது. ஓசை ஒத்திருக்கிறதே என்று சந்தனத்தையும் இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிட வேண்டாம். அதைச் ‘சாந்து’ என்னும் திராவிடச் சொல்லோடு இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு.