டி.வி. ஓடும் நேரத்தைக் குறைப்பது எப்படி? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாலை 6 மணிக்குப் போடும் டி.வி. இரவு 10.30 வரை ஓடுகிறது. மாமியார் சீரியல் பார்ப்பார். நான்காம் வகுப்புப் படிக்கும் மகனும் அதே ஹாலில்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். ரிமோட்டை ஒளித்து வைத்தும் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ரிமோட்டை ஒளித்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாதீர்கள். டி.வி. பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, போட்ட நேரம், அணைத்த நேரம், அப்போது யார் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று மட்டும் எழுதி வாருங்கள். பல வீடுகளில் விரும்பிப் பார்ப்பது இரண்டு மூன்று தொடர்கள்தான். மற்ற நேரமெல்லாம் அது சும்மா ஓடிக்கொண்டிருக்கும். குறைக்க வேண்டியது அந்தச் சும்மா ஓடும் நேரத்தை. மாமியாரின் தொடரில் கை வைக்க வேண்டாம்.

எந்தத் தொடர்களை விடவே முடியாது என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அவை அடுத்தடுத்து வந்தால் நல்லது. நடுவே அரை மணி இடைவெளி விழுந்தால், ‘அதுவரைக்கும் இதையும் பார்ப்போமே’ என்று இன்னொரு தொடர் ஒட்டிக்கொள்ளும். அப்படி இருந்தால், பின்னால் வருவதை மறுநாள் பகலில் சேனலின் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். முன்கதையையும் தலைப்புப் பாட்டையும் தள்ளிவிடலாம் என்பதால் நேரமும் மிச்சம்.

மகனை டி.வி.க்கு முதுகு காட்டி உட்கார வைப்பதில் பயனில்லை. காதில் வசனம் விழுந்துகொண்டே இருக்கும். வீட்டுப்பாடத்தை 6 மணிக்கு முன்பே முடிக்கச் செய்யுங்கள், அல்லது வேறு அறைக்கு மாற்றுங்கள். ஒரே ஹால்தான் என்றால் மாமியாருக்கு ஒரு புளூடூத் ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள். காது சற்று மந்தமானவர்களுக்கு வசனமும் தெளிவாகக் கேட்கும். உங்கள் டி.வி.யில் புளூடூத் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனுக்கு நாள் கணக்கைவிட வார கணக்கே சரிவரும். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் மருத்துவர் தாமஸ் ராபின்சன் நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஒரு பள்ளியின் பிள்ளைகளை முதலில் 10 நாள் டி.வி., வீடியோ கேம் எதுவும் இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு வாரத்துக்கு 7 மணி நேரம் ஒதுக்கினார்கள். மற்றொரு பள்ளிப் பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, இவர்களுடைய உடல் பருமன் கூடிய அளவு குறைவு, டி.வி. முன்னால் சாப்பிட்ட வேளைகளும் குறைந்தன. வாரத்துக்கு அதே 7 மணி நேரத்தை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். ஒரு டி20 ஆட்டத்துக்கே மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். அதற்காக மற்ற நாட்களில் சேர்த்து வைக்க அவனே கற்றுக்கொள்வான். செல்போனில் பார்ப்பதையும் இதே கணக்கில் எழுதுங்கள். இல்லையென்றால் டி.வி. நேரம் அப்படியே செல்போனுக்கு மாறிவிடும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தை, ரைம்ஸ் போட்டால்தான் வாயைத் திறக்கிறாள். எப்படி நிறுத்துவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்றுதான் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. திரையைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தைக்குப் பசியும் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. சோற்றைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்வதும் இதனால்தான்.

எல்லா வேளையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். ஒரு வேளை காட்டி ஒரு வேளை மறுத்தால், இன்னும் பலமாக அழுதால் கிடைக்கும் என்று அவள் புரிந்துகொள்வாள். இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே இரண்டரை, மூன்று மணி நேரம் விடுங்கள்; அந்த நேரத்தில் பாலும் பிஸ்கட்டும் வேண்டாம், தண்ணீர் போதும். நீங்கள் சாப்பிடும்போதே பக்கத்தில் உட்கார வைத்து, அவள் தட்டில் இரண்டு ஸ்பூன் மட்டும் போட்டு, கையால் அளைய விடுங்கள். அரை மணியில் தட்டை எடுத்துவிடுங்கள், ஊட்டித் திணிக்க வேண்டாம்.

முதல் சில நாட்கள் குறைவாகத்தான் சாப்பிடுவாள். ‘சாப்பிடவே இல்லையே’ என்று பாட்டி ஒரு பாட்டில் பால் கொடுக்கும்போதுதான் பல வீடுகளில் இந்த முயற்சி முறிகிறது. நாள் முழுக்கச் சேர்த்து அரை லிட்டருக்கு மேல் பால் போனால் பசி எடுக்காது. சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து போனாலோ, எடை இறங்கினாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டி.வி.யைக் குறைத்தால் கரண்ட் பில் குறையுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: கொஞ்சம் குறையும். 80 வாட் எடுக்கும் டி.வி.யைத் தினம் இரண்டரை மணி நேரம் குறைத்தால் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட் மிச்சம். ஆனால் செட்டாப் பாக்ஸைக் கவனியுங்கள். ரிமோட்டில் அணைத்தாலும் பல பாக்ஸ்கள் ஓடும்போது இழுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட கரண்ட் இழுக்கும். 10 வாட் என்றால்கூட 24 மணி நேரமும் இருந்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிவிடும். இரவில் சுவிட்சையே அணையுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 70 வயது. நாள் முழுக்க நியூஸ் சேனல்தான். இரவில் தூக்கம் வரவில்லை என்கிறார்.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: மாலையில் டி.வி. முன்னால் நாற்காலியிலேயே கண்ணயர்கிறாரா என்று பாருங்கள். அந்த அரைத் தூக்கமே இரவுத் தூக்கத்தைக் கெடுத்துவிடும். ஒரே செய்திதான் நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு செய்தியறிக்கை போதும். வீட்டில் பேச்சுக் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே போடுபவராக இருந்தால் ரேடியோ நல்ல மாற்று. அதைக் கையோடு எடுத்துக்கொண்டு நடமாடலாம். டி.வி. பார்க்கும்போது விளம்பரம் வந்தால் எழுந்து, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலைப் பத்து முறை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்தே இருப்பதால் வரும் கால் வீக்கம் குறையும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் டி.வி. முன்னால் உட்காராமல் கால் மணி நேரம் மெதுவாக நடக்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது கூடுதல் நன்மை. வீக்கம் ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, வலித்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.