ஆறு மாதக் குழந்தைக்கு மரவள்ளிக்கிழங்கு கொடுக்கலாமா?

"மகனுக்கு அடுத்த வாரம் 6 மாதம் முடிகிறது. லயத்துக்குப் பின்னால் மாமி நட்ட மரவள்ளியை மசித்துக் கொடுக்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டு அக்கா அது விஷம் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?"
– பொகவந்தலாவையிலிருந்து ஒரு தாய்

மாமி பேச்சைக் கேளுங்கள். ஆனால் முதல் வாய் குழைந்த சோறாக இருக்கட்டும். அது பழகியதும் கிழங்கு இரண்டொரு தேக்கரண்டி.

அக்காவின் பயமும் வீணல்ல. பச்சைக் கிழங்கை வெட்டினால் சயனைட் உண்டாகும், தோலில்தான் அதிகம். மண்ணிறத் தோலோடு அடியிலுள்ள தடித்த தோலையும் உரித்துவிடுங்கள். நடு நாரை உருவி, சிறு துண்டுகளாக்கி, நிறையப் பச்சைத் தண்ணீரில் போட்டு, மூடாமல் நன்றாக அவியுங்கள். அவித்த தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஒரு லயத்தில் பாட்டி ஒருவர் அந்தத் தண்ணீரையே விட்டு மசித்துக்கொண்டிருந்தார். "கொட்டினால் சத்துப் போய்விடுமே" என்றார். போவது நஞ்சு, பாட்டி! மரவள்ளியோடு இஞ்சி கூடாது என்பது ஊருக்கே தெரியும். தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்பது தெரிவதில்லை. தாய்ப்பால் விட்டு மசித்து, முதலில் நீங்கள் ருசி பாருங்கள். கசந்தால் எறிந்துவிடுங்கள். கொடுத்தபின் வாந்தி, சோர்வு, மூச்சிரைப்பு கண்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

எனக்குப் பெரிய பயம் பொட்டல மாவு. சம்பள நாளில் லயத்து வாசலுக்கு வந்து, 'குழந்தைச் சத்துமா' என்று மரவள்ளி மாவைக் கட்டி விற்கிறார்கள். மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைட் இருக்கக்கூடாது என்பது சர்வதேச அளவுகோல். அந்தப் பொட்டலத்தை யார் அளந்தார்கள்? எந்தக் கிழங்கு, எப்படிக் காய்ந்தது என்பது விற்பவருக்கே தெரியாது. வாங்கவே வாங்காதீர்கள். சந்தைக் கிழங்கையும் முறித்துப் பாருங்கள். உள்ளே கருநீலக் கோடு ஓடினால் அது பழையது.

நிறை குறைந்த பிள்ளை என்றால் கதை வேறு. மரவள்ளி கிட்டத்தட்ட முழுவதும் மாச்சத்து. புரதம் நூற்றுக்கு ஒரு பங்குதான். கிளினிக் பதிவேட்டில் நிறைக் கோடு சரிகிற பிள்ளைக்குக் கிழங்கால் வயிறு நிரம்பினால் முட்டைக்கும் பருப்புக்கும் இடமிருக்காது. பிள்ளை கொழுகொழுவென்று தெரிந்தாலும் கோட்டைத்தான் நம்புங்கள். கோடு சரிந்தால், அது நிமிரும்வரை கிழங்கைத் தனியாகக் கொடுக்காதீர்கள். பருப்போ, மசித்த முட்டையோ, முள்ளெடுத்த மீனோ சேராத கிழங்கு அந்தப் பிள்ளைக்கு வேண்டாம்.

இதையெல்லாம் கிளினிக்கிலேயே சொல்லியிருக்க வேண்டும். தராசில் போடுகிறார்கள், புள்ளி வைக்கிறார்கள், "நிறை குறைவு" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்ன சமைப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. அடுத்த முறை பதிவேட்டை விரித்து வைத்து, நாளைக்குப் பிள்ளைக்கு என்ன கொடுப்பது என்று கேளுங்கள். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழாதீர்கள்.