கையில் துடிப்பது இதயமா, காலடியா?

கேள்வி: எனக்கு 61 வயது. ரத்தக் கொதிப்புக்கு நான்கு வருடமாக மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். பொங்கலுக்கு மகள் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தந்தாள். காலையில் ரேஸ் கோர்ஸில் நடக்க ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே இதயத்துடிப்பு 122, 124 என்கிறது. கடைசி வரை அதிலேயே நிற்கிறது. வீட்டில் உட்கார்ந்தால் 66. மூச்சு வாங்கவில்லை, படபடப்பும் இல்லை. பயத்தில் பத்து நாளாக நடைக்கே போகவில்லை. கோளாறு வாட்சிலா, எனக்கா?
– வாசகி, கோவை

பதில்: நீங்கள் நடையை நிறுத்தியதுதான் எனக்கு வருத்தம், அம்மா. 28 வருடம் ஈ.சி.ஜி. அறையில் வேலை பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த 124 பெரும்பாலும் உங்கள் காலடிக் கணக்கு.

வாட்சைத் திருப்பிப் பாருங்கள், அடியில் பச்சை விளக்கு மினுங்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். வாட்ச் எண்ணுவது அந்த மாற்றத்தைத்தான். கை வீசி நடக்கையில் வாட்ச் குலுங்கினால் அதிலும் ஒளி ஏறி இறங்கும். எது துடிப்பு, எது குலுக்கல் என்று அதற்குக் குழம்பிவிடும். விறுவிறுவென்று நடப்பவர் நிமிடத்துக்கு 110 முதல் 130 அடி வைப்பார். உங்கள் எண் அதற்குள்தானே விழுகிறது? தவிர, மெட்டோப்ரோலால் துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை. இரண்டே நிமிடத்தில் 124 என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

என் அக்காவும் இப்படித்தான் பதறிக்கொண்டு வந்தாள். இடது கையில் நான்கு கண்ணாடி வளையல், நடுவில் வாட்ச். மணிக்கட்டு எலும்பின் மேலேயே உருண்டுகொண்டிருந்தது. வாருக்கடியில் என் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. மொட்டை மாடியில் நடக்கவிட்டேன். வாட்சில் 118. நிறுத்தி நாடி பிடித்தால் 92! வளையலைக் கழற்றி, எலும்புக்கு இரண்டு விரற்கடை மேலே வாட்சை ஏற்றி, வாரை ஒரு துளை இறுக்கினேன். அடுத்த சுற்றில் 90-க்கும் 96-க்கும் நடுவிலேயே காட்டியது.

நீங்களும் அப்படியே கட்டுங்கள். நகராத அளவுக்கு இறுக்கம் போதும். கை மரத்துப்போகக் கூடாது. கையில் தேங்காய் எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த காலையில் தோலுக்கு ரத்தம் குறைவாக வரும், அதனால் ஐந்து நிமிடம் மெதுவாக நடந்த பிறகு வரும் எண்ணைப் பாருங்கள்.

பிறகு விரலால் சரிபார்க்க வேண்டும். நடந்துகொண்டே வாட்சின் எண்ணை மனதில் வைத்து, நின்ற கையோடு கட்டைவிரல் பக்கத்து மணிக்கட்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். முழு நிமிடம் எண்ணினால் அதற்குள் துடிப்பு இறங்கிவிடும். கட்டைவிரலால் பிடிக்காதீர்கள், அதற்கே ஒரு துடிப்பு உண்டு.

மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே எடுப்பதால் இன்னும் துல்லியம். ஓட்டப் பயிற்சி செய்பவர்களுக்குச் சரி, உங்கள் நடைக்கு அந்தச் செலவு வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். விரலுக்கும் 120 வந்தாலோ, துடிப்பு தாளம் தப்பி விட்டு விட்டு வந்தாலோ, நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல் இருந்தாலோ வாட்சைக் குறை சொல்லிக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். தாளம் தப்பும்போது சில துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேராது. வாட்ச், விரல் இரண்டுமே குறைத்துக் காட்டும். எந்த எண்ணைப் பார்த்தும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நாளைக்கு ஒரு சுற்று மட்டும் நடந்து பாருங்கள். வாட்ச் காட்டியது, விரல் சொன்னது, இரண்டையும் குறித்து எனக்கு எழுதுங்கள்.