கொரோனாப் பெருந்தொற்று மட்டக்களப்பு, அம்பாறை மக்களின் அன்றாட வாழ்வை எப்படி மாற்றியது?

நோய் தொற்றாத வீட்டையும் அது விட்டுவைக்கவில்லை. 2020 மார்ச் 20இல் இலங்கை முழுக்க ஊரடங்கு வந்ததும் நாட்கூலி வேலை நின்றது. ஒக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன் சந்தையில் தொற்று பரவியதும் மீன் விலை விழுந்தது. கல்முனைக் கரையில் வலை இழுப்பவருக்கும் அது அடிதான். பள்ளிக்கூடம் போனுக்குள் போனது. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டால் என்னதான் படிப்பது?

ஆனால் ஆழமான காயம் மரணத்தில்தான். தொற்றில் இறந்தோரை எரித்தே ஆகவேண்டும் என்ற விதி முஸ்லிம் குடும்பங்களை நொறுக்கியது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார அமைப்பே சொல்லியிருந்தும் இது நடந்தது, பெரும் அநியாயம். 2021 மார்ச்சில்தான் மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. கொழும்பில் இறந்தவரின் உடலும் அத்தனை தூரம் வந்தது. சொந்த ஊர் மையவாடியில் அடக்க 2022 மார்ச் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.