55 மணி நேரக் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் கோத்தகிரியைச் சேர்ந்த நான்கு நண்பர்கள். நால்வரும் மலைப்பாதையில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். வரும் டிசம்பரில் கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை 55 மணி நேரத்தில் காரில் போய்ச் சாதனை படைக்க நினைக்கிறோம். ஏழு பேர் அமரும் டீசல் வண்டி, வாங்கி இரண்டு ஆண்டு ஆகிறது. வண்டியை எப்படித் தயார் செய்வது, யார் எப்போது ஓட்டுவது, ஆதாரம் எப்படிச் சேர்ப்பது? வீட்டில் பயப்படுகிறார்கள்.

சிவா, கோத்தகிரி

அன்புள்ள சிவா,

வீட்டில் பயப்படுவது நியாயம். அதற்குக் காரணம் 55 என்ற அந்த எண்தான். அதை முதலில் பிரித்துப் பார்ப்போம்.

தூரம் சுமார் 3,700 கிலோமீட்டர். லிட்டருக்கு 14 கொடுத்தால் 264 லிட்டர் டீசல். 60 லிட்டர் டேங்க்கை முழுக்கக் காலியாக விடாமல் ஓட்டினால், வழியில் ஆறு முறை பங்க்கில் நிற்க வேண்டும். அதுவும் டீ, கழிப்பறை, டோல்கேட் எல்லாமும் சேர்ந்து நான்கு மணி நேரம். ஜம்மு–ஸ்ரீநகர் மலைப்பாதை 250 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம். மிச்சம் 45 மணி நேரத்தில் 3,450 கிலோமீட்டர் என்றால் சராசரி 77. ஊர், மாடு, தவறான பக்கத்தில் வரும் டிராக்டர் எல்லாவற்றோடும் 77 சராசரி வர வேண்டுமென்றால், முள் நெடுநேரம் நூறுக்கு மேலேயே நிற்க வேண்டும், இரவிலும்.

இரவில் அது முடியாது. நூறில் போகும் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. கண் பார்த்துக் கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி, அதற்குள் 42 மீட்டர். காய்ந்த சாலையில் நிற்க இன்னும் 55 மீட்டர். டிம் லைட்டில் தெளிவாகத் தெரிவது 50, 60 மீட்டர்தான். பின்விளக்கு இல்லாமல் ஓரமாக நிற்கும் லாரி கண்ணில் படும்போதே காலம் கடந்திருக்கும். நெடுஞ்சாலை இரவின் பெரிய ஆபத்து இந்த நின்ற லாரிதான். டிம்மில் 70, எதிரே வண்டி இல்லாதபோது பிரைட்டில் 80. இதற்கு மேல் வேண்டாம்.

ஆகவே 75 மணி நேரத்துக்குத் திட்டமிடுங்கள். மூன்று இரவும் இரண்டு மணி முதல் ஐந்து வரை வண்டி நிற்கட்டும். ஒன்பது மணி நேரம் போனாலும் சராசரி 62-க்குள் அடங்கும். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் கவனத்தை ஒத்திருக்கும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். நம் சட்டத்தின் வரம்பே 0.03தான்.

திசையையும் மாற்றுங்கள். ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியுங்கள். இந்தப் பாதையில் நம் கையில் இல்லாத இடம் ஜம்மு–ஸ்ரீநகர் மலைப்பாதையிலுள்ள ராம்பன்–பனிஹால் பகுதி. மண் சரிந்தால் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் அடைத்துவிடுவார்கள். தெற்கிலிருந்து போனால் மூன்றாம் நாள் களைப்போடு அங்கே போய் மாட்டிக்கொள்வீர்கள். ஸ்ரீநகரிலிருந்து என்றால், பாதை திறந்திருப்பதைக் கேட்டறிந்த பிறகுதான் உங்கள் கடிகாரமே ஓடத் தொடங்கும். மலைப்பாதை புத்துணர்வோடு இருக்கும்போதே முடிந்தும்விடும். டிசம்பர் வேண்டாம். மேலே பனி விழும், பஞ்சாப் முதல் ஆக்ரா வரை மூடுபனியில் பத்தடி தள்ளி இருப்பது தெரியாது. அக்டோபர் நல்லது. போகும்போது ஏழெட்டு நாள் எடுத்துப் பகலில் மட்டும் ஓட்டி, எந்த பங்க், எங்கே பாலம் வேலை, எங்கே தூங்க இடம் என்று எழுதிக்கொண்டே போங்கள். திரும்பும் பயணத்துக்கு அதைவிட நல்ல வரைபடம் கிடைக்காது.

காலை ஐந்துக்குப் புறப்பட்டால் இரவு ஒன்பது வாக்கில் டெல்லி. ஊருக்குள் நுழையாமல் குண்ட்லியில் பிரிந்து பல்வல் போகும் புறவழியைப் பிடியுங்கள். முதல் தூக்கம் ஆக்ரா தாண்டி, இரண்டாவது ஐதராபாத்துக்கு முன்னால். மூன்றாம் நாள் மாலை நெரிசலில் பெங்களூரு வரும், அதற்குத் தனியாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அன்றிரவு இரண்டு மணிக்குத் திருநெல்வேலியை நெருங்கியிருப்பீர்கள். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நால்வருக்கும் தோன்றும். அங்கேயும் நிறுத்தத்தான் வேண்டும்.

முறை மாற்றுவதில் பலரும் செய்யும் தவறு, தூங்குபவரை எழுப்பி நேரே ஸ்டியரிங்கில் உட்கார வைப்பது. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு மந்தம் தெளிய அரை மணி நேரம் ஆகலாம். ஆறு மணி நேரம் ஓய்வு, பிறகு மூன்று மணி நேரம் பக்கத்து இருக்கையில் வழிகாட்டி, பிறகு மூன்று மணி நேரம் ஓட்டுநர், உடனே பின்னால் ஓய்வு. நான்கு பேருக்கு இது பன்னிரண்டு மணி நேரச் சுற்று. எப்போதும் இருவர் விழித்திருப்பார்கள். தூங்குபவரும் பெல்ட் போட வேண்டும். இருக்கையை முழுக்கச் சாய்க்கக் கூடாது. சாய்த்தால் மோதும்போது உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கி, பட்டை வயிற்றை அழுத்தும். ஏசியில் உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்து வையுங்கள். நான்கு பேர் மூச்சு அடைபட்டால் அதுவே தூக்கத்தை வரவழைக்கும்.

மலையில் ஓட்டிய கைக்கு நேர்ச்சாலை ஒரு தனிச் சோதனை. பர்லியார் வளைவுகளில் அசராதவர்கூட ஆதிலாபாத் பக்கம் வளைவே இல்லாத சாலையில் கண் திறந்தபடி மரத்துப்போவார். வழிகாட்டியின் முக்கிய வேலை அவரோடு பேசுவது.

வண்டிக்கு வருகிறேன். மலை வண்டியில் முன் டயர்களின் வெளி ஓரம் கொண்டை ஊசி வளைவுகளில் தேய்ந்திருக்கும். அலைன்மென்ட் பார்த்து, சந்தேகமிருந்தால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது என்றால், ஈரம் ஏறியபின் கொதிக்க 155 போதும். கொதித்தால் பிரேக் பிடிக்காது. உங்கள் வண்டிக்கு இரண்டு ஆண்டு ஆகிவிட்டதால் கட்டாயம் மாற்றுங்கள். பேட், கிளட்ச் பிளேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸைப் புறப்படும் முந்தைய நாள் செய்யாதீர்கள். செய்தபின் ஆயிரம் கிலோமீட்டராவது ஓடினால்தான் தளர்ந்த போல்ட்டும் கசியும் ஹோஸும் வெளியே தெரியும்.

டயர் காற்று உயரத்தைப் பொறுத்து மாறும். சுமார் 1,600 மீட்டர் உயரமுள்ள ஸ்ரீநகரில் வைத்த அளவு, ஜம்முவுக்கு இறங்கினால் உயர வித்தியாசத்தால் மட்டுமே இரண்டு பவுண்டு குறைத்துக் காட்டும். வெயிலும் ஓட்டத்தின் சூடும் அதைத் திரும்ப ஏற்றும். எனவே சூடான டயரில் அளந்து, கூடிவிட்டதென்று காற்றை இறக்காதீர்கள். தூங்கி எழுந்த காலையில், ஆறிய டயரில் பாருங்கள். டீசல் கேனை உள்ளே வைக்கக் கூடாது. அந்த இடத்தில் இன்னொரு ஸ்டெப்னி போகட்டும்.

சாதனை என்ற பேச்சுக்கு முன் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். சொந்தக் கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு கிடையாது. வேகச் சாதனை என்று நீங்களே பதிவு செய்துவிட்டு விபத்தானால் அந்த வரியை உங்கள் முன் நீட்டுவார்கள். சலூ சௌத்ரி, நீனா சௌத்ரி என்ற இந்தியத் தம்பதி 1989-ல் காண்டெசா காரில் ஆறு கண்டங்களைச் சுற்றி 69 நாள், 19 மணி, 5 நிமிடத்தில் டெல்லி திரும்பினார்கள். கின்னஸ் அதை 1989, 1991 ஆண்டுகளின் விதிப்படி என்ற குறிப்போடுதான் தருகிறது. பொதுச் சாலை வேகத்தை ஏற்கத் தயங்கும் காலம் இது. ஒரே பயணத்தில் அதிக மாநிலங்கள், அதிகத் தூரம் போன்ற தலைப்பைப் பரிசீலியுங்கள். எந்தப் பதிவேடானாலும் விதிகளை எழுத்தில் வாங்கிய பிறகே கிளம்புங்கள்.

ஆதாரத்துக்கு இரண்டு தனித்தனி ஜிபிஎஸ் பதிவு, நேரம் அச்சான டீசல் பில், பாஸ்டேக் கணக்கு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓடோமீட்டர் படம், உங்களுக்கு உறவோ நட்போ இல்லாதவர்கள் கையெழுத்திட்ட சாட்சிப் புத்தகம். சில பில்கள் வெயிலில் வெளுத்துப்போகும், வாங்கியவுடனே படம் எடுத்துவிடுங்கள். இவ்வளவையும் ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

நால்வரில் யார் ‘நிறுத்து’ என்றாலும் காரணம் கேட்காமல் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவது என்று இப்போதே எழுதிக் கையெழுத்திடுங்கள். நேரம் நழுவுகிறது என்ற பதற்றத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல நண்பர்கள்தான் அதிகம் கூச்சப்படுவார்கள்.

ஷிஃப்ட் அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்புங்கள். இரவு இரண்டு முதல் ஐந்து வரை உள்ள கட்டத்தில் யார் பெயர் இருந்தாலும் அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புவேன்.